ஹோரஸ் கடுகு தாளிக்கும் நாள்

மலாக்கா பேருந்து நிலையத்தில் இருபத்தெட்டு ஆண்டுகளாக வண்டி புறப்படும் நேரத்தைக் கூவி அறிவிக்கிறவர் ஹோரஸ் லசாரூ. நிர்வாகம் ஒருமுறை அவருக்கு ஒலிபெருக்கி வாங்கிக் கொடுத்தது. ஒரு மாதம் மரியாதைக்காகக் கையில் வைத்துக்கொண்டிருந்தார். பிறகு அது குடை மாட்டும் கொக்கியாகிவிட்டது. "மூவார்! பத்து பகாட்! ஏறாதவங்க ஏறுங்க, ஏறினவங்க உட்காருங்க!" என்று ஊர்ப்பேர்களை அடுக்கி அவர் ஒரு குரல் கொடுத்தால், எதிர்வரிசைக் கடையில் காப்பி குடித்துக்கொண்டிருப்பவர்கூட ஒருகணம் எழுந்து நின்றுவிட்டுத்தான் உட்காருவார்.

வீட்டிலும் அதே தொண்டைதான். கடலோரத்தில் இருக்கும் போர்த்துகீசியர் குடியிருப்பில் அவருடைய சந்தில் பதினோரு வீடுகள். அவர் தும்மினால் பதினோரு வீட்டிலிருந்தும் ஆசீர்வாதம் வரும். கோயிலில் பாதிரியார் ஜெபத்தை முடிக்கும் முன்பே இவருடைய ஆமென் போய்ச் சேர்ந்திருக்கும்.

இந்த மனிதர்தான் ஆண்டுக்கு ஒருநாள், டிசம்பர் இருபத்தாறாம் தேதி, காலை எட்டு மணி முதல் பிற்பகல் இரண்டு மணி வரை அந்தச் சந்து முழுவதையும் வாய் மூட வைத்தவர். தன் வாயையும் சேர்த்து.

காரணம் அவருடைய மனைவி ரோசில். அரசு மருத்துவமனையில் தாதி. பெரிய வெள்ளிக்கிழமை மலாக்காவில் விடுமுறை நாள் அல்ல. ஆனால் அன்று மெழுகுவத்தி ஏந்திப் பவனியில் நடக்காவிட்டால் ரோசிலுக்கு அந்த ஆண்டே விடியாது. ஆகவே அவள் சக தாதிகளோடு ஓர் ஏற்பாடு செய்துகொண்டாள். பெரிய வெள்ளியை அவர்கள் விட்டுக்கொடுக்க வேண்டும். பதிலுக்கு டிசம்பர் இருபத்துநான்கு, இருபத்தைந்து இரண்டு இரவு வேலையையும் இவள் பார்ப்பாள். ஒருநாள் ஒழுங்காக அழுவதற்காக, ஊரே சிரிக்கும் நாளை விற்றவள் என்று ஹோரஸ் சொல்வார். பெருமையாகத்தான் சொல்வார்.

எனவே இருபத்தைந்தாம் தேதி ரோசில் காலையில் வேலை முடிந்து வருவாள்; பன்றித் தொடையை அடுப்பில் ஏற்றுவாள்; வருகிறவர்களுக்கெல்லாம் பரிமாறுவாள்; பாதிக் கண்ணால் சிரிப்பாள்; மாலை ஏழு மணிக்கு மறுபடி சீருடையை மாட்டிக்கொண்டு ஸ்கூட்டரில் கிளம்பிவிடுவாள். அன்று அவள் விருந்து கொடுப்பவள். அவளுக்கான விருந்து மறுநாள்தான்.

மறுநாள் விருந்து டெபால். கிறிஸ்மஸ் மேசையில் மிஞ்சிய இறைச்சியையெல்லாம், வறுத்த பன்றி, கோழி, எலும்போடு கிடக்கும் ஹாம் என்று பாகுபாடில்லாமல், காய்ந்த மிளகாயும் சித்தரத்தையும் கடுகும் வினிகரும் சேர்த்து, சாப்பிடுகிறவன் காதிலிருந்து புகை வருகிற மாதிரி வைக்கிற கறி. புது இறைச்சி வாங்கிவந்து செய்தால் அதற்குக் குடியிருப்பில் வெறும் கறி என்றுதான் பேர். அதை டெபால் என்று சொல்ல யாருக்கும் நா எழாது. அவரவர் மேசையில் மிஞ்சியதில்தான் அவரவர் டெபால். ஆண்டின் மற்ற நாட்களில் முட்டை அவிக்கத் தெரியாத ஹோரஸ், அந்த ஒருநாள் அடுப்படியைத் தன் வசம் எடுத்துக்கொள்வார். ரோசில் எட்டு மணிக்கு வந்து படுப்பாள். இரண்டு மணிக்கு எழுவாள். எழுந்ததும் தட்டு முன்னால் இருக்க வேண்டும். இருபத்தைந்தாம் தேதி இரவு மருத்துவமனையில் அவள் ரொட்டிகூடத் தொடுவதில்லை, இந்தத் தட்டுக்காக.

சிக்கல் என்னவென்றால், டெபாலைப் போலச் சத்தம் போட்டுச் சமைக்கிற பண்டம் வேறு இல்லை. மிளகாயை அரைத்தால் ஒரு சத்தம், எலும்பை உடைத்தால் ஒரு சத்தம், கடுகைத் தாளித்தால் கேட்கவே வேண்டாம். ஹோரஸ் இதற்கு ஒரு முறை கண்டுபிடித்தார். மசாலாவை இருபத்துநான்காம் தேதி மதியமே அரைத்து வைத்துவிடுவார். எலும்பை ரோசில் வருவதற்கு முன்பே கொல்லைப்புறத்தில் கோணிச் சாக்கில் சுற்றி உடைத்துவிடுவார். கடுகுக்கு மட்டும் ஈரத் துண்டு சுற்றிய கனமான மூடி. எண்ணெய் காய்ந்ததும் கடுகைப் போட்டு, மூடியை இரண்டு கையாலும் அழுத்தி, உள்ளே நடக்கிற கலவரம் வெளியே தெரியாமல் பார்த்துக்கொள்வார். அகப்பைகூட மரம்தான், பாத்திரத்தில் இடிக்காமல் இருக்க.

சந்தில் முதலில் எல்லோரும் சிரித்தார்கள். "எல்லார் வீட்லயும் கிறிஸ்மஸ், ஹோரஸ் வீட்ல மட்டும் தவக்காலம்" என்றார் எதிர்வீட்டு அலோய்சியஸ் ஓவரி. அலோய், ஹோரஸின் மகள் மெரிலுக்கு ஞானத்தந்தை. ஆகவே இருவரும் ஒருவரையொருவர் 'கொம்பாத்ரி' என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். சண்டை போடும்போதும் அதே மரியாதைதான். பதினோரு ஆண்டுகளுக்கு முன் அலோய் தன் மகனுக்கு வாங்கிய புது டிரம்மை இருபத்தாறாம் தேதி காலை பத்து மணிக்குத் தட்டிப் பார்த்தார். ஹோரஸ் வந்து வாசலில் நின்றார். கத்தவில்லை. அதுதான் அலோய்க்குப் பயமாக இருந்தது. "கொம்பாத்ரி, தூங்குறவங்களை எழுப்புறது பாவம். மீதி முந்நூத்தி அறுபத்தி நாலு நாளும் நீ இதை என் காதுல வச்சு அடி. இன்னைக்கு வேணாம்" என்று கிசுகிசுத்துவிட்டுப் போனார். மறு ஆண்டிலிருந்து அலோய் அந்த ஒருநாள் மோட்டார் சைக்கிளைச் சந்து முனைவரை தள்ளிக்கொண்டு போய்த்தான் கிளப்புவார். அவரைப் பார்த்து மற்றவர்களும்.

இரண்டு மணிக்கு ஹோரஸ் வெளிக்கதவைத் திறந்து, ஆறு மணி நேரமாக அடக்கிவைத்த குரலை அவிழ்த்துவிடுவார். "டெபால்! ரெண்டு மணி டெபால் புறப்படத் தயார்! தட்டு இல்லாதவங்க ஏற முடியாது!" அதுதான் அந்தச் சந்துக்கு அடையாளம். அதற்குப் பிறகுதான் பாட்டு, கூச்சல், டிரம் எல்லாம்.

இப்படிப் பத்தொன்பது ஆண்டுகள் போயின.

இந்த ஆண்டு இருபத்தாறாம் தேதி காலை ஐந்தரை மணிக்கு ஹோரஸ் எழுந்து குளிர்ப்பெட்டியைத் திறந்தார். மசாலாக் கிண்ணம் இருந்தது. பாதி ரவை கேக் இருந்தது. இறைச்சி இருக்க வேண்டிய இரண்டு தட்டுகளும் கழுவித் துடைக்கப்பட்டு வெறுமையாக இருந்தன. மூடிவிட்டு மறுபடியும் திறந்தார். அதனால் ஒன்றும் மாறவில்லை.

கூடத்து நாற்காலியில் வின்சன் ஃபூ தூங்கிக்கொண்டிருந்தான். ஈப்போக்காரன், மெரிலுக்கு நிச்சயித்த பையன். இந்தக் குடும்பத்தில் அவனுக்கு முதல் கிறிஸ்மஸ். கெட்ட பையன் இல்லை. கெட்டவனாக இருந்திருந்தால் இறைச்சி தப்பித்திருக்கும்.

ஹோரஸ் அவன் காதருகே குனிந்தார். "வின்சன். பன்னி எங்கடா?"

வின்சன் பாதி விழித்து, "குடுத்தாச்சு அங்கிள்" என்றான்.

"யாருக்கு?"

"வந்தவங்களுக்கு. எங்க வீட்ல விருந்துக்கு வந்தவங்களை வெறுங்கையா அனுப்பினா எங்கம்மா செத்துருவாங்க. அதான் பொட்டலம் கட்டி ஒவ்வொருத்தர் கையிலயும் குடுத்துட்டேன். எலும்பு வரைக்கும். மிச்சம் வைக்கவே இல்ல" என்று சொன்னவன் பாராட்டுக்குக் காத்திருந்தான்.

ஹோரஸுக்கு நினைவு வந்தது. நேற்றிரவு அவர் கூடத்தில் பாடிக்கொண்டிருந்தபோது, வெளியே போகிறவர்கள் கையில் பொட்டலம் இருந்ததைப் பார்த்தார். கேக் என்று நினைத்துக்கொண்டார். மெரில் பின்கட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். ரோசில் இருந்திருந்தால் வாசலிலேயே மடக்கியிருப்பாள். அவள்தான் போய்விட்டாளே.

"அத்தனையும் நம்ம சந்துலதான் இருக்கு, அங்கிள்" என்றான் வின்சன், விஷயம் புரிந்து முகம் வெளுத்து. "பத்து வீடு. போய்க் கேட்டா குடுத்துருவாங்க."

கேட்டால் கொடுத்துவிடுவார்கள், அதில் ஹோரஸுக்குச் சந்தேகமே இல்லை. அவர் பெரிய எனாமல் பேசினை எடுத்துக்கொண்டு வெளியே போனார். பின்னாலேயே வின்சன், தானும் ஒரு தட்டை எடுத்துக்கொண்டு.

அலோய் வீட்டு வாசலில் நின்று கையைத் தூக்கினார். தூக்கிய கை அப்படியே நின்றது.

சந்து தூங்கியது. மூன்று மணி வரை பாடியவர்கள், இரண்டு வாரமாகக் கேக் சுட்டவர்கள், ஓட்டல்களில் இரட்டை வேலை பார்த்துவிட்டு வந்தவர்கள் எல்லோரும் ஒரே மூட்டையாகத் தூங்கினார்கள். மின்விளக்கு நட்சத்திரங்கள் அணைக்க ஆளில்லாமல் விடியலில் எரிந்துகொண்டிருந்தன. கிறிஸ்மஸ் அன்று எவ்வளவோ அழகாகப் பாடியிருக்கலாம். ஆனால் பண்டிகை நன்றாக நடந்தது என்பதற்குச் சாட்சி இந்தத் தூக்கம்தான். தூங்குறவங்களை எழுப்புறது பாவம் என்று பத்தொன்பது ஆண்டுகளாக இவர்களிடம் சொல்லிவந்தவர், இப்போது ஒரு பன்றித் தொடைக்காகக் கதவைத் தட்டுவதா?

ஹோரஸ் கையைக் கீழே போட்டார். சாக்கடைக்கு மேல் போட்டிருந்த சிமெண்டுப் பலகையில் உட்கார்ந்து பேசினை மடியில் வைத்துக்கொண்டார்.

"என்ன அங்கிள்?"

"யாராவது தானா எழுந்திரிக்கட்டும். காத்திருப்போம்."

"ஆன்ட்டி எட்டு மணிக்கு வந்துருவாங்களே."

"வருவா."

"நான் வேணா எல்லாருக்கும் மெசேஜ் போடட்டுமா?"

"போட்டா போன் 'டிங்'குன்னு அடிக்காதா?"

"அடிக்கும்."

"அப்ப?"

வின்சன் போனைச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தான். தட்டை அவனும் மடியில் வைத்துக்கொண்டான். மாமனாரும் மருமகனும் ஆகப்போகிற இருவர் விடியற்காலையில் பிச்சை கேட்கும் தோரணையில் உட்கார்ந்திருந்தார்கள். கேட்கத்தான் இல்லை.

ஆறே முக்காலுக்கு ஒரு கதவு திறந்தது. ஹோரஸ் பாதி எழுந்தார். அது கடைசி வீட்டுப் பெர்த்தா, சந்துக்கே 'தியா', அதாவது அத்தை. வயது எண்பத்திரண்டு, பூனைகளுக்குச் சோறு வைக்க வந்தவள். இவர்களைக் கண்டதும் பூனையை விட்டுவிட்டு மெல்ல நடந்து வந்தாள்.

"என்னடா இது? ரோசில் துரத்திட்டாளா?"

ஹோரஸ் மூன்றே வார்த்தையில், மூச்சுக் காற்றால் மட்டும் சொன்னார். "இறைச்சி போச்சு, தியா."

"ஓ, அந்தப் பொட்டலமா?" பெர்த்தாவின் முகம் மலர்ந்தது. "நாலு மணிக்கு முழிப்பு வந்துச்சு. தின்னுட்டேன். தோல் மொறுமொறுன்னு இருந்துச்சுடா. யாரு சுட்டது, ரோசில்தானே?"

"முழுசுமா?"

"எலும்பு இருக்கு. பூனைக்கு வச்சிருக்கேன்."

பூனை அந்த எலும்போடு மதிலேறிப் போவதை மூவரும் பார்த்தார்கள்.

"தட்டி எழுப்பேன்டா. ஒரு வீட்டுக் கதவைத் தட்டினா பத்து வீடும் எழுந்துரும்."

"முடியாது, தியா."

"பஸ் ஸ்டாண்டையே எழுப்புற வாய். இன்னைக்குன்னு பார்த்து ஒழுக்கம் வந்துருச்சாக்கும்." என்றாலும் அவளும் அதைக் கிசுகிசுப்பாகத்தான் சொன்னாள். பிறகு முட்டியைப் பிடித்துக்கொண்டு அவளும் பலகையில் உட்கார்ந்தாள். மூன்று பேரானார்கள்.

ஏழரை. ஏழே முக்கால். அலோய் வீட்டிலிருந்து குறட்டை சீராக, ஒரு குறையும் இல்லாமல் வந்துகொண்டிருந்தது. ஹோரஸ் அதைக் கேட்டபடியே இருந்தார். ஒரு தடவை தொண்டையைக் கனைக்கலாமா என்று யோசித்தார். அவர் கனைத்தாலே போதும். கனைக்கவில்லை. அந்த ஒரு மணி நேரத்தில் ஹோரஸ் லசாரூ செய்தது அவ்வளவுதான். எனக்குத் தெரிந்து அந்தக் குடியிருப்பில் அதைவிடக் கடினமான வேலையை யாரும் செய்ததில்லை.

எட்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது சந்து முனையில் ஸ்கூட்டர் இயந்திரம் நின்றது. ரோசில் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். சீருடை கசங்கி, கண்ணுக்குக் கீழே கறுத்து, இரண்டு இரவு தூங்காதவளின் நடையில் வந்தவள், எனாமல் பேசினோடு உட்கார்ந்திருந்த கணவனைப் பார்த்து நின்றாள். பக்கத்தில் தட்டோடு வருங்கால மருமகன். அதற்குப் பக்கத்தில் பெர்த்தா.

"யாருக்கு என்ன ஆச்சு?" என்றாள், தாதிக்கே உரிய தணிந்த குரலில்.

"டெபால் இல்ல, ரோசில்." ஹோரஸின் உதடு மட்டும் அசைந்தது. "இவன் எல்லாத்தையும் கட்டிக் குடுத்துட்டான். எல்லாம் இவங்க வீட்டுக்குள்ளதான் இருக்கு. ஆனா தூங்குறாங்க."

"எப்போலருந்து உக்காந்திருக்க?"

"ஆறு மணிலருந்து."

"தட்டவே இல்லையா?"

"எப்படித் தட்டுறது? தூங்குறாங்க."

ரோசில் அவரைப் பார்த்தாள். பேசினைப் பார்த்தாள். வாயை இறுக்க மூடிக்கொண்டு ஸ்கூட்டரை ஒழுங்காக நிறுத்தினாள். பிறகு அடக்க முடியவில்லை. அவள் சிரிப்பு சின்னச் சிரிப்பில்லை. வயிற்றிலிருந்து கிளம்பி, நடுவில் மூச்சு வாங்கி, மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிக்கிற வகை. வார்டில் இரண்டு இரவு அடக்கிவைத்ததும் சேர்ந்துகொண்டது.

"ஷ்ஷ்!" என்றார் ஹோரஸ் பதறிப்போய். அது அவள் சிரிப்பை இன்னும் கிளறிவிட்டது.

குறட்டை நின்றது. ஒரு சன்னல் திறந்தது. "யாரு செத்தா?" என்று கேட்டார் அலோய்.

"யாரும் சாகல. உங்க கொம்பாத்ரி பிச்சைக்கு வந்திருக்கார்" என்றாள் ரோசில், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "எங்க வீட்டுப் பன்னியைத் திருப்பிக் குடுங்க."

அலோய் கைலியை இறுக்கிக்கொண்டு வெளியே வந்தார். விஷயத்தைக் கேட்டார். "ரெண்டு மணி நேரமா என் வாசல்ல உக்காந்துக்கிட்டு, தட்டாம இருந்தியாயா நீ?"

"நீ மோட்டாரைத் தள்ளிக்கிட்டுப் போகலையா?" என்றார் ஹோரஸ்.

அலோய் உள்ளே போய்ப் பொட்டலத்தோடு வந்தார். பிரிக்காத பொட்டலம். கூடவே தன் வீட்டுத் தொத்திறைச்சி நாலு. அடுத்த வீட்டிலிருந்து பொட்டலமும் அரை வாத்தும் வந்தன. ஒருத்தி பல் துலக்கியபடியே கோழிக் கால்களைக் கொண்டுவந்து போட்டாள். கால் மணி நேரத்தில் பேசின் நிரம்பி வின்சனின் தட்டுக்கும் வேலை வந்தது. பெர்த்தா மட்டும் கொடுக்க ஒன்றுமில்லாமல், உருளைக்கிழங்கு இரண்டைக் கொண்டுவந்து, "நான் தின்னதுக்கு" என்று வைத்தாள்.

"அடுத்த வீட்டுது எல்லாம் கலந்திருக்கே. இதை நம்ம வீட்டு டெபால்னு சொல்ல முடியுமா?" என்று ஹோரஸ் கவலைப்பட்டார்.

"எனக்குப் பசிக்குது, ஹோரஸ். பேரை அப்புறம் வச்சுக்கலாம்" என்றாள் ரோசில்.

வீட்டுக்குள் வந்ததும் அவர் அவளுக்குப் படுக்கையைத் தட்டிப் போட்டார். "உன் தூக்கந்தான் கெட்டுப்போச்சு. இந்த வருஷம் எல்லாமே தப்பாப் போச்சு" என்றார்.

ரோசில் காலணியைக் கழற்றினாள். "ஒண்ணு சொல்லட்டுமா? கோவிச்சுக்க மாட்டியே? முதல் வருஷம் ஒண்ணுதான் நான் தூங்கினேன்."

"என்னது?"

"அதுக்கப்புறம் தூங்க மனசு வரல. கண்ணை மூடிப் படுத்திருப்பேன். நீ அடிமேல அடி வச்சு நடக்குறது, மூடி நழுவினா நீயே உன்னைத் திட்டிக்குறது, கடுகு ஒண்ணு தப்பிச்சு வெளிய விழுந்தா மூச்சைப் பிடிச்சுக்கிட்டு இந்தக் கதவைப் பார்க்குறது, எல்லாம் எனக்குக் கேக்கும். அதான் என் கிறிஸ்மஸ். தூங்குறதை வேற என்னைக்கு வேணாலும் தூங்கிக்கலாமே."

ஹோரஸ் அவள் காலணியை எடுத்துச் சத்தமில்லாமல் கட்டிலுக்கு அடியில் வைத்தார். கதவை மெல்லச் சாத்திவிட்டு அடுப்படிக்குப் போனார்.

இனி எதற்கு அமைதி என்று கேட்கலாம். அடுப்படியிலிருந்தே எல்லாம் காதில் வாங்கியிருந்த வின்சன்தான் கேட்டான். "ஆன்ட்டிதான் தூங்கறதில்லைன்னு ஆயிருச்சே, அங்கிள்?"

"மூடியைப் பிடி" என்றார் ஹோரஸ்.

எண்ணெய் காய்ந்தது. கடுகு விழுந்தது. வின்சன் இரண்டு கையாலும் மூடியை அழுத்தினான். பழக்கமில்லாத கை, ஒருபக்கம் தூக்கிக்கொண்டது. நாலைந்து கடுகு துள்ளிச் சுவரில் பட்டுத் தெறித்தது. இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு படுக்கையறைக் கதவைப் பார்த்தார்கள். ஹோரஸ் காத்திருந்தார். இனிமேல் ஒளிக்க என்ன இருக்கிறது, உள்ளிருந்து சிரிப்பு வரும் என்று.

சிரிப்பு வரவில்லை. மெலிதாக, சீராக ஒரு குறட்டை வந்தது.

சொல்லிவிட்ட நிம்மதியா, இரண்டு இரவின் களைப்பா, வயிறு குலுங்கச் சிரித்ததா தெரியவில்லை. ரோசில் நிஜமாகவே தூங்கியிருந்தாள். அவள் விழித்துக் கிடந்தபோதெல்லாம் காவல் இருந்த மனிதர், இப்போது உண்மையான தூக்கம் ஒன்று கிடைத்ததும் அகப்பையைக்கூட இரண்டு விரலால் பிடித்தார்.

இரண்டு மணிக்குப் பத்து வீட்டுக்காரர்களும் தட்டோடு வெளிக்கதவுக்கு வந்துவிட்டார்கள். இந்த ஆண்டு அவர்கள் விருந்தாளிகள் மட்டுமல்ல, கறியில் பங்குதாரர்கள். ஹோரஸ் உள்ளே நின்றபடி உதட்டில் விரல் வைத்தார். இரண்டரை ஆயிற்று. மசாலா வாசனை சந்து முழுக்க நிறைந்திருந்தது. அலோய் தன் வயிற்றைக் காட்டிக் கையை விரித்தார். ஹோரஸ் தலையை ஆட்டினார். மூன்று ஆயிற்று. யாரோ ஒருத்தி கரண்டியைத் தட்டில் இடித்துவிட, பதினைந்து பேர் திரும்பி அவளை முறைத்தார்கள். முறைத்தவர்களில் அலோய் முதல் ஆள். பெர்த்தா நாற்காலி போட்டு உட்கார்ந்து, தட்டை மடியில் வைத்தபடியே கண்ணயர்ந்தாள். அவளைப் பார்த்து இன்னும் இருவர் மதிலில் சாய்ந்தார்கள். அடுப்பில் டெபால் காத்திருந்தது. காத்திருக்கக் காத்திருக்க ருசி கூடுகிற ஒன்று அந்தச் சந்தில் அது மட்டும்தான்.

நாலு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது படுக்கையறைக் கதவு திறந்தது. முகத்தில் தலையணை வரியோடு ரோசில் வந்து நின்று, சன்னல் வழியாக வெளியே பார்த்தாள். தட்டும் கையுமாக ஒரு சந்தே பேசாமல் நிற்பதைக் கண்டாள்.

"மணி என்ன, ஹோரஸ்? ஏன் யாரும் பேச மாட்டேங்குறாங்க?"

அவர் முதலில் அவள் தட்டில் சோறு போட்டு, நல்ல துண்டாகப் பார்த்துப் பார்த்து நாலு எடுத்து வைத்து, அவள் கையில் கொடுத்தார். அவள் ஒரு வாய் எடுத்து, கண்ணில் நீர் தளும்ப, உறைப்பு போதும் என்று தலையசைத்த பிறகுதான் வெளிக்கதவை அகலத் திறந்தார். நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தார்.

"டெபால்! ரெண்டு மணி டெபால், ஒரு மணி அம்பது நிமிஷம் தாமதமா, இப்போ புறப்படுது! ஏறாதவங்க எல்லாம் ஏறுங்க!"

பெர்த்தா திடுக்கிட்டு எழுந்தாள். தட்டு உருண்டு போயிற்று. கடற்கரைவரை காகங்கள் கிளம்பின.